அப்பாவின் சவுண்ட் சர்வீஸ் ரிக்கார்டுகளை விற்ற கதை

எங்கள் அப்பா ராஜபாளையம் பக்கம் முப்பது வருஷம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் குழாய் கட்டி ரிக்கார்டு போட்டுவிடுவார். கேசட் வந்ததும் ரிக்கார்டெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டுக்குப் போய்விட்டன. அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, அந்த இடத்தில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று அம்மா சொன்னபோதுதான் நானும் தம்பியும் பூட்டைத் திறந்தோம். பழைய ரிக்கார்டுக்கு இப்போ செம விலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் லட்சக்கணக்கில் கனவு வேறு.

எண்ணி முடிக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஏழு அங்குல 45 தட்டு 1,120, எல்பி என்கிற பெரிய தட்டு 290, பழைய 78 தட்டு 210 (45, 78 எல்லாம் தட்டு நிமிஷத்துக்குச் சுற்றும் கணக்கு). படுக்கைவாட்டில் அடுக்கி வைத்திருந்ததால் ஷெட் சூட்டில் ஐம்பது அறுபது எல்பி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அட்டைகளில் கால்வாசி கரையானுக்கு. இன்னொன்று, திருவிழாக் கூட்டத்தில் தட்டு மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு லேபிளிலும் அப்பா சிவப்பு பெயின்ட்டில் ஒரு நம்பர் எழுதியிருந்தார். வாங்குகிறவர்களுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர் பழைய பேப்பர்காரர். அட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தட்டு வேண்டாம் என்றார்! அடுத்து சென்னையிலிருந்து ஒரு வியாபாரி போனிலேயே மொத்தமாக 45,000 என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, “பீட்டில்ஸ் 78 இருக்கா?” 1960களில் கல்கத்தா டம் டம் ரிக்கார்டு ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78 தட்டாகவும் அச்சடித்தார்களாம், மற்ற பெரும்பாலான நாடுகளில் அதற்குள் 78 வழக்கொழிந்துவிட்டதால் வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் பீட்டில்ஸ் போட்டு யார் சடங்கு வைத்தார்கள்? இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த போனுக்குப் பிறகுதான், தெரியாமல் விற்கக் கூடாது என்று புத்தி வந்தது.

டிஸ்காக்ஸ் என்று ரிக்கார்டு வாங்கி விற்கும் இணையதளம் ஒன்று, அதில் லேபிளில் அச்சடித்திருக்கும் நம்பரைப் போட்டுத் தேடினால் விலை வரும். அங்கே நான் செய்த முதல் தப்பு, விற்கிறவர் கேட்கும் விலையை உண்மை என்று நம்பியது. 6,000 கேட்டிருப்பார்கள், அதே தட்டு கடைசியாக விற்றது 900 ரூபாய்க்கு என்று கீழே இருக்கும். கீழே இருப்பதுதான் விலை. அப்புறம் தரம். விஜி என்று ஒரு தரம் உண்டு, வெரி குட் என்று அர்த்தம், நானும் சந்தோஷமாகப் பாதித் தட்டுக்கு அதையே போட்டு வைத்தேன். பிறகுதான் ஒருவர் சொன்னார், விஜி என்றால் கரகரவென்று இரையும், மனசு வைத்தால் கேட்கலாம் என்று பொருளாம். டியூப்லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து, கீறல் நகத்தில் இடறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திரும்ப எல்லாவற்றையும் தரம் பிரித்தேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஊர் கேட்ட பாட்டெல்லாம் செத்துப்போயிருந்தது. முதல் பாட்டாக எப்போதும் போடும் சீர்காழியின் பிள்ளையார் பாட்டுத் தட்டு கறுப்பாகவே இல்லை, சாம்பல் பூசியது மாதிரி வெளுத்திருந்தது. அப்பாவின் முள் உழுதிருக்கிறது. எம்.எஸ். சுப்ரபாதம் நாலு எல்பி இருந்தது. 1963இல் வந்து வீட்டுக்கு வீடு போன தட்டு, நல்ல நிலையில் இருந்த ஒன்றே 300 ரூபாய்தான். பளபளவென்று இருந்தது எதுவென்றால் ஓடாத படங்களின் தட்டு. அப்பா ஏமாந்து வாங்கி, யாரும் கேட்காமல் மூலையில் கிடந்தவை. அதில் ஒரு 45 மட்டும் 1,800க்குப் போனது. பெரிய பணம் எண்பதுகளில் எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்பிகளில்தான் வந்தது. இவை ஓடாத படம் இல்லை, ஆனால் அதற்குள் ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறியிருந்ததால் அப்பா அதிகம் சுழலவிடவில்லை. 23 இருந்தது, ஒன்று 7,500 வரை போனது.

78 தட்டில்தான் அடி வாங்கினோம். தூசி போகட்டும் என்று தம்பி ஒரு நாதஸ்வரத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். பஞ்சு கறுத்தது, அழுக்கு வருகிறது என்று இன்னும் அழுத்தினான். அது அழுக்கு இல்லை, தட்டு. 78 தட்டில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பிறகு கும்பகோணம் பக்கமிருந்து ஒருவர் நாதஸ்வரத் தட்டுகளுக்காகவே சொந்த கிராமபோனோடு காரில் வந்தார். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். தம்பி துடைத்ததை எடுத்தவர், திருப்பிப் பார்த்தார், சத்தம் வராமல் கீழே வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. தம்பி டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போய்விட்டான். வேறொருவருக்குப் பார்சலில் அனுப்பிய 78 மூன்று துண்டாகப் போய்ச் சேர்ந்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதோடு 78 எல்லாம் நேரில் வந்தால் மட்டும் என்று முடிவு செய்தோம். எல்பியை அனுப்பும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும், உள்ளேயே இருந்தால் குலுங்கிக் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

தேறிய 180 தட்டை ஒவ்வொன்றாக எட்டு மாதம் விற்றதில் 1,31,000. மீதியில் முக்கால்வாசியை அதே சென்னை வியாபாரி 38,000க்கு வண்டி வைத்து எடுத்துப் போனார், இந்த முறை பேரம் பேசியது நான். உறை, பேக்கிங், அனுப்பும் செலவு 14,000 கழியக் கையில் நின்றது 1,55,000, தம்பியும் நானும் பட்ட பாட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிவப்பு நம்பருக்கெல்லாம் பாட்டு வரிசை எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. வியாபாரி அதற்கும் 2,000 தருகிறேன் என்றார். அம்மா கொடுக்கவில்லை. பின்பக்கம் முழுக்க அப்பா எழுதிய பாக்கிக் கணக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னார் வீட்டுக் காதுகுத்து பாக்கி 35, இன்னார் வீட்டுச் சடங்கு 60 என்று ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அந்த 35 ரூபாய்க்காரரின் பேரன்தான் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறான். “ஏண்டி, இந்த மாசப் பால் கணக்குல கழிச்சுக்கவா?”