பரிகாரம் சொல்லாத வெள்ளிக்கிழமை

அந்த அம்மாவிடம் அன்றைக்கு நான் சொன்னது "தெரியாதும்மா" என்பது மட்டும்தான். அர்ச்சகர் வேலையில் சாதாரணமாக வாயில் வராத வார்த்தை அது. நிஜமாகவே தெரியாத விஷயத்துக்குக்கூட, "பெரியவங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவோம். அவர் கேட்டதோ எனக்கு நன்றாகவே தெரிந்த விஷயம்.

"விளக்கேத்தும்போது மனசுல ஒரு கெட்ட வார்த்த வந்துருச்சு ஐயா. அம்மனப் பத்தி. மறுபடி ஏத்தட்டா? தோஷம் இல்லையே?"

தோஷம் இல்லை. தானாக வந்து போகிற நினைப்புக்குப் பரிகாரம் விதிக்கிற நூல் எதையும் நான் படித்ததில்லை. பூஜை முடிவில் சொல்லும் 'மந்த்ரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம்' சுலோகமே இதற்காகத்தானே இருக்கிறது? மந்திரத்தில் குறை, செய்கையில் குறை, பக்தியிலேயே குறை இருந்தாலும் இந்தப் பூஜையை நிறைவானதாக ஏற்றுக்கொள் என்று கேட்டுவிட்டுத்தான் நடை சாத்துகிறோம். இதை அவருக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். கேட்டதும் முகம் தெளியும். நன்றி சொல்லிவிட்டுச் செருப்பு விட்ட இடம் வரை போவார். பிறகு திரும்பி வருவார். "கெட்ட வார்த்தன்னு மட்டும்தான் சொன்னேன் ஐயா. என்ன வார்த்தன்னு சொல்லலையே. அதச் சொல்லாம விட்டா நீங்க குடுத்த பதில் செல்லுமா?"

அவர் பாட்டியிடம் தமிழ் கற்றவர். தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பனில் அந்த வயதில் இவ்வளவு சரளமாகத் தமிழில் பேசுகிறவர் குறைவு என்பதால், ஊரிலிருந்து வந்த எனக்கு அவரோடு பேசுவதில் ஒரு சந்தோஷம் உண்டு. அதனால்தான் கமிட்டிக்காரர்கள் முணுமுணுத்தபோதும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் அதிக பக்தி என்றுதான் நினைத்தேன். தட்டை நீட்டும்போது விரல் மூட்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதை விபூதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிட்டத்தில் பார்த்தால் தோல் வெடித்திருந்தது. பூப்பறிக்கும் முன் ஜிக் ஊற்றிக் கை கழுவுகிறாராம், தரை துடைக்கிற அந்த பிளீச்சைத்தான்.

நர்ஸாக வேலை பார்க்கும் அவர் மகள்தான் இது ஓசிடி என்று எனக்கு எடுத்துச் சொன்னது: வேண்டாத நினைப்பு விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய். நூறு பேரில் இரண்டு பேருக்காவது வாழ்க்கையில் எப்போதாவது வரக்கூடியதாம். சுத்தம், பூட்டு, அடுப்பு என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பாவம், தெய்வநிந்தனை என்று வருகிறவர்களும் உண்டு, அவர்கள் டாக்டரிடம் போகாமல் எங்களிடம்தான் வருவார்கள். அந்த நினைப்பு அவருடைய ஆசை இல்லை. எதை நினைக்கவே கூடாது என்று நடுங்குகிறாரோ அதுவேதான் வந்து நிற்கும்.

அப்புறம் அவரைப் பார்க்கும் மனநல நிபுணரே என்னைப் போனில் அழைத்தார். தமிழ்க்காரர் இல்லை, ஆனால் பொறுமையாகப் பேசினார். "நீங்கள் சொல்லும் ஒவ்வொரு 'சரி'யும் அவருக்கு இன்னொரு கைகழுவல்தான்" என்றார். கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு முன்னைவிடப் பெரிய சந்தேகம். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிப் போக்கும் முறையை 1958இல் புத்தகமாக எழுதிய ஜோசப் வோல்பே இந்த நாட்டுக்காரர், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பதையும் சொன்னார். ஓசிடியில் அந்த முறை பெரிதாக எடுபடவில்லையாம். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் வேறு மாதிரி செய்து பார்த்தார்: பயப்படுகிற பொருளைத் தொட வைத்து, அதற்குப் பிறகு கழுவவோ ஜபிக்கவோ விடாமல், நர்ஸுகளைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார். பதற்றம் ஏறி, தானாக இறங்கும்வரை காத்திருப்பது. இன்றைக்கும் மருந்தோடு சேர்த்து முக்கியமான சிகிச்சை அதுதானாம். அந்த நர்ஸ் வேலை இங்கே எனக்கு வந்து சேர்ந்தது.

அவர் கேட்டால் நான் சொல்ல வேண்டிய பதிலையும் நிபுணரே கொடுத்தார்: "தோஷம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." இதை என்னால் சொல்ல முடியாது என்றேன். 'இருக்கலாம்' என்று அம்மன் சந்நிதியில் நின்று எப்படிச் சொல்வது? அவருடைய சிகிச்சைக்கு அது ஒரு பயிற்சி. என் வாயிலிருந்து வந்தால் அது தீர்ப்பு. அப்படியானால் 'தெரியாது' என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சொன்னேன். அவர் தட்டைப் பிடித்தபடி நின்றார். வரிசையில் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "ஐயருக்கே தெரியாதுன்னா அப்புறம் யாருக்குத் தெரியும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நிபுணரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் அடுத்தவர் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அது பொய்யா? நிபுணரைக் கேட்டால் பொய்யே இல்லை என்கிறார். அம்மன் மனதில் இருப்பதை யார்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்கிறார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் நான் அப்படி நினைத்து 'தெரியாது' என்று சொல்லவில்லையே. தோஷமில்லை என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன். இன்னொரு பக்கம், எத்தனை வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதனால் அந்தக் கை ஆறியதா? ஆறவில்லை. கசப்பு மருந்தைக் கொடுப்பவன் நோயாளிக்கு எதிரி ஆகிவிடுவானா? இப்படி எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். அன்று இரவு நடை சாத்தும் முன் அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி நானே ஓர் அர்ச்சனை செய்தேன். தோஷம் இல்லை என்றால் அது எதற்கு? கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. நிபுணருக்கும் இது தெரியாது.

கோயிலே திரும்பத் திரும்பச் செய்கிற இடம்தானே என்று கமிட்டியில் ஒருவர் கிண்டலடித்தார். நூற்றெட்டு நாமம், மூன்று சுற்று, தினமும் அதே அபிஷேகம். யோசித்துப் பார்த்தேன். நூற்றெட்டு நூற்றெட்டில் முடிந்துவிடும். முடித்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். அவருக்கு முடிகிற எண் என்று ஒன்று கிடையாது. எங்கள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் பையன் ஒருவன் உண்டு, கழுத்தை வெட்டி வெட்டி இழுப்பான். காவடி சமயத்தில் அவனுக்குச் சாமி வருகிறது என்று சிலர் சொன்னார்கள். டாக்டர் அதை டிக் என்றார். தும்மல் வருவதற்கு முன் ஓர் உணர்வு வருமே, அதுபோல உடம்பில் ஒன்று கிளம்பி, இழுத்ததும் தணிகிறதாம். அதன் பின்னால் எந்தப் பயமும் இல்லை. கண்டுகொள்ளாமல் விடுவதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள், அதை எளிதாகச் செய்கிறோம். இந்த அம்மாவை அப்படி விட முடியவில்லை, ஏனென்றால் அவர் கேள்வி கேட்கிறார்.

இப்போது கை ஆறி வருகிறது என்று மகள் சொல்கிறார். மருந்தும் நடக்கிறது. மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிட அதிக அளவில், இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தால்தான் பலன் தெரியும் என்றார்களாம். எதனால் ஆறுகிறது, மருந்தாலா, பயிற்சியாலா, என் 'தெரியாது'வாலா, யார் சொல்ல முடியும்? அவர் எங்கள் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது. கேட்காமல் இருக்கப் பழகுகிறார் என்கிறார் மகள். வேறு கோயிலில் வேறு ஐயரிடம் கேட்கிறார் என்று வரிசையில் நிற்கும் ஒரு பெண் சொன்னார். இரண்டில் எதை நம்ப ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

புரட்டாசி வரப் போகிறது. இங்கே மாதம் முழுக்கக் கவிச்சி விலக்கி, பானை சட்டியெல்லாம் தேய்த்துக் கழுவி, வீட்டையே அலம்பி விடுவார்கள். அம்மா இந்த வருஷம் விரதம் இருக்கலாமா என்று மகள் போன வாரம் கேட்டார். நிபுணரைக் கேளுங்கள் என்றேன். அவரைக் கேட்டாயிற்று, விரதத்தைப் பற்றி ஐயர்தான் சொல்ல வேண்டும் என்கிறார் என்றார் மகள். சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.