கோடைக்கு மட்டும் ஒரு ரூம்: ஓஎம்ஆர் ஃப்ளாட்டில் முன்பின் தெரியாத மூவர்

மே பிறந்ததும் சென்னையின் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், ஓர் ஆள்மாற்றம் நடக்கும். செமஸ்டர் முடித்த மாணவர்கள் ஊருக்கு பஸ் ஏறுவார்கள். அதே வாரத்தில் கோவையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று எங்கே பார்த்தாலும் இரண்டு மாதத்துக்குக் காலியாகும் கட்டில்கள் இருக்கும். வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய கவலை, கூட இருக்கப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்பது. அது எப்படியும் இரண்டாவது வாரத்தில் பழகிவிடும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வைப்பவை கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றும்தான். அதிலும் கரண்ட்.

முதலில் அட்வான்ஸ். இருக்கிற வாடகைதாரர் தன் இடத்தை இரண்டு மாதத்துக்கு உங்களுக்கு விடுகிறார் என்றால் அது உள்வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட முடியாது.  ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இன்னார் தங்குகிறார், எனக்குச் சம்மதம்’ என்று ஹவுஸ் ஓனர் தன் எண்ணிலிருந்து அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும். கேட்டில் செக்யூரிட்டி பெயர்ப்பட்டியலில் சேர்க்கவும் அதுதான் உதவும். அதே சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. இரண்டு மாதம் தங்குகிறவரிடம் மூன்று மாத அட்வான்ஸ் கேட்டால் அது அதிகம். ஒரு மாதத் தொகை போதும் என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் படியும். பணத்தை யுபிஐ-யில் போடும்போது குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்று எழுதுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கும் வழக்கம் உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

இனி ஈபி. தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். நீங்கள் தங்கும் இரண்டு மாதமும் ஈபி-யின் இரண்டு மாதமும் ஒரே நாளில் தொடங்குவது அபூர்வம். மே 5 வந்து ஜூலை 2 போகிறவருக்கு ஜூன் 10 ரீடிங் என்றால், இரண்டு பில்களில் அவருக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே குடிவந்த அன்றே மீட்டர் பெட்டியைத் திறந்து போட்டோ எடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். கிலோவாட் ஹவர் (kWh) குறி தெரியும் திரைதான் யூனிட் கணக்கு. பெட்டி வரிசையில் எது உங்கள் ஃப்ளாட்டுடையது என்பதை சர்வீஸ் நம்பரை வைத்து உறுதி செய்யுங்கள். பக்கத்து வீட்டு மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் வாதாடுகிறவர்கள் உண்டு. ரீடிங் எடுக்கிற அன்று ஒரு படம், கிளம்புகிற அன்று ஒரு படம், அவ்வளவுதான்.

பில்லைப் பிரிப்பதில்தான் சூட்சுமம். ஒரு அறையில் மட்டும் ஏசி, மற்றவர் ஃபேன் காற்றில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன்; அதன்பின் பைசாக்கள் ஏறினாலும் கணக்கின் போக்கு மாறாது. முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,725. ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் ஓடியதும் அந்த ரூ.2.25 சலுகை போய், 101 முதல் 400 வரை முழுக்க ரூ.4.50 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட்டால் பில் ரூ.233 ஏறும். அதற்கு மேல் 600 வரை ரூ.8, 800 வரை ரூ.9, ஆயிரம் வரை ரூ.10.

ஒன்றரை டன், மூன்று ஸ்டார் ஏசி கத்திரி வெயிலில் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவுக்கு ஏழெட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 450 யூனிட். ஃபேன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப்புகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 450. மொத்தம் 900 யூனிட்டுக்கு பில் ரூ.5,550. மூன்றாக வெட்டினால் தலைக்கு ரூ.1,850; ஏசியே இல்லாதவர் தலையில் அநியாயம். ‘சரி, யூனிட்டுக்குச் சராசரியாக ரூ.6.17, ஏசி ஓடிய யூனிட்டுக்கு ஏசிக்காரர் கொடுக்கட்டும்’ என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். அப்படியும் ஏசி இல்லாதவர் பொதுப் பங்காக ரூ.925 கட்டுவார். ஏசி ஓடாமல் இருந்திருந்தால் 450 யூனிட்டுக்கு பில்லே ரூ.1,425தான், அவர் பங்கு ரூ.475. அதாவது அவர் உபயோகம் துளியும் மாறாமல் அவர் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, காரணம் பக்கத்து அறை ஏசி பில்லைக் கட்டணத்தின் மேல் படிக்குத் தள்ளியது. என் கட்சி இது: ஏசி இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று முதலில் கணக்கிட்டு அதை மூன்றாகப் பிரியுங்கள். மீதி ரூ.4,125 முழுவதும் ஏசி அறைக்கு. அந்த அறையில் இருவர் படுத்தால் அவர்களுக்குள் பாதிப் பாதி. ஏசி யூனிட்டை ஊகிக்க வேண்டாம். பதினாறு ஆம்பியர் ப்ளக்கில் செருகும் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது, இல்லை எலக்ட்ரீஷியனை வைத்து சப் மீட்டர் போடலாம். மே மாதத்தில் ஹாலில் படுக்கிறவர் ‘கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க ப்ரோ’ என்று சொன்னால் இந்தக் கணக்கு கலைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர். ஓஎம்ஆரின் பல அடுக்ககங்களில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்தது. உப்பு இருக்கும், சோப்பு நுரைக்காது, ஷவர் துளைகள் அடைத்துக்கொள்ளும். வாடகையில் மெயின்டனன்ஸ் அடங்கியதா, அதில் லாரிச் செலவு சேர்ந்ததா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கோடையில் அசோசியேஷன் லாரிக்கென்று கூடுதலாக வசூலிப்பது சகஜம். 2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது இந்தச் சாலையில் சில ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை இங்கே பழையவர்கள் இன்னும் சொல்வார்கள். குடிக்க 20 லிட்டர் கேன்தான். மூன்று பேர், வெயில் காலம், ஆளுக்கு மூன்று லிட்டர், சோறு குழம்புக்கு நாலு லிட்டர் என்றால் ஒரு கேன் ஒன்றரை நாள்தான் தாங்கும். ஒரே கேன் வைத்திருக்கும் வீட்டில் ஞாயிறு ராத்திரி தண்ணீர் தீரும். இரண்டு கேனுக்கு டெபாசிட் கட்டி வாங்கிவிடுங்கள். கேன் மாட்டுகிறவர்தான் அடுத்த கேனுக்கு போன் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ‘நான் நீ’ இல்லை. இன்னொன்று: மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். சாயங்காலம் குளிக்கிறவர் காலையிலேயே ஒரு பக்கெட் பிடித்து வைக்க வேண்டும், அந்த பக்கெட்டில் மற்றவர் துணி ஊறவைக்கக் கூடாது.

கேஸில் ஒரு வில்லங்கம், பலருக்கு சிலிண்டர் தீர்ந்த அன்றுதான் தெரியவரும். 14.2 கிலோ சிலிண்டர் மூன்று பேர் சமையலுக்கு ஒன்றரை மாதம்போல வரும், அதாவது நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை தீரும். இணைப்பு ஊருக்குப் போன பழைய ஆளின் பெயரில் இருக்கும். புக் செய்வதும் அவர் எண்ணில், டெலிவரிக்காரர் கேட்கும் குறியீட்டு எண் வருவதும் அவர் போனுக்கு. அவர் தேனிப் பக்கம் சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருந்தால் சிலிண்டர் வாசல்வரை வந்து திரும்பிப் போகும். வந்த வாரமே அவரிடம் சொல்லி வையுங்கள். மாற்றுவழி, அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர்; முகவரிச் சான்று வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் மேலே சொன்ன ஈபி கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் ட்யூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், வாடகை வீடுகளில் அதை யாரும் பார்ப்பதில்லை.

சமையலில் எல்லாவற்றையும் பொதுவாக்கப் போகாதீர்கள். சோறு, சாம்பார் அல்லது ரசம் பொது. தொட்டுக்கொள்ள அவரவர் பாடு. ஒரு வேளைக்கு ஆளுக்கு நூறு, நூற்றிருபது கிராம் அரிசி போட்டால் மிஞ்சாது. அசைவத்துக்குத் தனிச் சட்டி வேண்டும் என்கிறவர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கருவாடு வறுக்கிறவரும் அப்படியே. மாவை அரைத்து வெளியே வைத்தால் மே மாதச் சென்னையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழியும். பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, கீழே ஒரு தட்டு வைத்து, படுக்கும் முன் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். பொதுச் செலவுக்கு ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ஒருவர் கணக்கில் போட்டு, தீரத் தீரத் திரும்பப் போடுவது, மாதக் கடைசியில் ரசீதுகளைக் கூட்டிக்கொண்டு உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

சாவி மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று. நைட் ஷிஃப்ட் ஆள் இருந்தால் உள்தாழ்ப்பாள் போடவே கூடாது. சாவி இருந்தும் அதிகாலை மூன்று மணிக்கு வெளியே நிற்க வைப்பது அந்தத் தாழ்ப்பாள்தான்.

கிளம்பும்போது பில் வந்திருக்காது. கடைசி மீட்டர் படத்தில் உள்ள எண்ணிலிருந்து முந்தைய ரீடிங்கைக் கழித்து, ஓடிய யூனிட்டைப் பாருங்கள். அது முழு பில் இல்லை என்பதால் உண்மையில் எந்தக் கட்டணப் படியில் விழும் என்று அன்று தெரியாது. இரண்டு மாதத்துக்கும் அதே வேகத்தில் ஓடினால் எந்தப் படியில் விழும் என்று பார்த்து, அந்தக் கணக்கில் உங்கள் பங்கை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதியை அன்றே வாங்கிக்கொண்டு, பில் வந்ததும் கூடக்குறைய இருப்பதைத் தீர்த்துக்கொள்ளலாம். கேன் டெபாசிட்டைக் கடைக்காரரிடம் கேட்காமல் அடுத்து வருகிறவரிடம் வாங்குவது சுலபம். மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெயை அவருக்கே விட்டுவிடலாம், வெயிலில் எண்ணெய் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து பஸ் ஏறினால் மூடி கழன்றுகொள்ளும்.