பெய்தால், பெய்திருந்தால்

மார்த்தாண்டத்தில், வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம், ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியம். ‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ’ என்று எழுதுவார்கள். நாளை என்பது எதிர்காலம், ஆகவே ‘வில்’ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலமோ அந்த இடத்தில் நிகழ்கால வினையோடு நின்றுகொண்டு, ‘வில்’லை விளைவைச் சொல்லும் பகுதிக்கு விட்டுவிடுகிறது. இது தமிழால் வரும் பிழை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்; அது என் தவறு. ‘நாளை மழை பெய்தால்’ என்னும்போது நாமும் எதிர்காலத்தைக் காட்டுவதில்லை. ‘பெய்தது’ என்பதில் இறந்தகாலத்தைக் காட்டும் அதே ‘த்’தான் ‘பெய்தால்’ என்பதிலும் உட்கார்ந்திருக்கிறது.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டை வைத்தே பாடத்தைத் தொடங்குவேன். ‘மழை பெய்தால் பால்வெட்டு இல்லை’ என்பது என்றுமுள்ள நடைமுறையாதலால், ஆங்கிலத்தில் இரு பகுதிகளிலும் நிகழ்காலம் வரும். ‘நாளை மழை பெய்தால் பால்வெட்டு இருக்காது’ என்றால் விளைவுப் பகுதியில் ‘வில்’ வரும். ஒருமுறை, “மரத்தில் பிளாஸ்டிக் கட்டியிருந்தால் மழையிலும் வெட்டலாமே டீச்சர்” என்று ஒரு மாணவி மடக்கினார். அவர் புண்ணியத்தில், ‘இல்லாவிட்டால்’ என்று பொருள்படும் ‘அன்லெஸ்’ஸையும் அன்றே நடத்த முடிந்தது. எதிர்மறை அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதன் பின் இன்னொரு ‘நாட்’டைச் சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

உண்மையான சிக்கல் கற்பனையில்தான் இருக்கிறது. ‘எனக்கு ஒரு ஏக்கர் ரப்பர் இருந்தால் வெளிநாடு போகமாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அது இருக்கக்கூடுமா, இருக்கவே வாய்ப்பில்லையா என்பதைத் தமிழ் வாக்கியம் வெளிப்படுத்துவதில்லை. கேட்பவர் சூழலிலிருந்து புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அப்படி மழுப்ப விடாது. வாய்ப்பில்லை என்று நினைப்பவர் ‘இஃப் ஐ ஹேட்’ என்று தொடங்கி ‘ஐ வுடன்ட் கோ’ என்று முடிக்க வேண்டும். அந்த ‘ஹேட்’ கடந்த காலத்தைக் குறிப்பதன்று; பேசுகிறவர் நடப்பிலிருந்து ஓர் அடி விலகி நிற்பதற்கான அடையாளம். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ‘வாஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘வேர்’ வருவதும் அந்த விலகலைக் காட்டத்தான்.

நடந்து முடிந்ததை மாற்றி நினைக்கும்போது மட்டும் தமிழ் நமக்கு முழுத்துணையாக வருகிறது. ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்பதை ‘ஹேட் கம்’, ‘வுட் ஹேவ் சீன்’ என்று ஏறக்குறைய அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிடலாம்.

தூத்தூர் கரையிலிருந்து வரும் ஒரு மாணவி, 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலைப் பற்றி எழுதியிருந்தார். எச்சரிக்கை முன்பே எட்டியிருந்தால் மாமா இப்போது எங்களோடு இருப்பார் என்பது அவர் சொல்லவந்தது. முதற்பகுதி சரியாக இருந்தது. இரண்டாம் பகுதியில், நிபந்தனை, விளைவு இரண்டும் கடந்த காலத்தில் இருப்பதாகக் கொள்ளும் பாடப்புத்தகத்தின் ‘மூன்றாம் வகை’யைப் பின்பற்றி, ‘வுட் ஹேவ் பீன்’ என்று எழுதியிருந்தார். நிபந்தனை கடந்த காலத்திலும் விளைவு இன்றும் இருப்பதை அந்த வகைப்பாடு அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லச் சொன்னேன். “இருந்திருப்பார் இல்ல டீச்சர், இருப்பார்” என்று அவரே சொல்லி, ‘ஹேவ் பீன்’ என்பதை அடித்துவிட்டு ‘பி’ என்று எழுதினார்.