வாடகை குறைவு, தூரம் அதிகம்: மிசௌரியின் அடேர் கவுண்டியில் குடித்தனம் வைத்த அனுபவம்

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்காவுக்கு வந்து ரெசிடென்சி (மருத்துவப் பயிற்சி) முடிக்கும் நம் டாக்டர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வேய்வர், அதாவது திரும்பிப் போவதிலிருந்து விலக்கு, வாங்க வேண்டும். கான்ராட் 30 என்ற அந்தத் திட்டம் 1994-ல் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷத்துக்கு 30 இடம். என் கணவருக்கு அமைந்தது வடக்கு மிசௌரியில் இருக்கும் அடேர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). அதுவரை நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருந்தோம். வாசலில் இறங்கினால் தோசை மாவு கிடைக்கும் ஊர்.

இப்போது வேய்வருக்கு முயற்சி செய்யும் குடும்பங்களிலிருந்து பெண்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். "அக்கா, அங்கெல்லாம் செலவு ரொம்பக் கம்மியாமே? இருக்க முடியுமா?" இந்த இரண்டு கேள்விக்கும் போனில் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. கவுண்டியின் தலைநகர் கர்க்ஸ்வில். 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுக்க 25,314 பேர். அதில் பதினேழாயிரத்துச் சொச்சம் பேர் கர்க்ஸ்வில் நகரத்திலேயே இருக்கிறார்கள். ட்ரூமன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இங்கேதான். ஆஸ்டியோபதி என்ற மருத்துவ முறையின் முதல் கல்லூரி 1892-ல் தொடங்கியதும் இங்கேதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிராமத்துக் கவுண்டி என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள நாக்ஸ், ஸ்கைலர், ஸ்காட்லாந்து கவுண்டிகள் ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் பேர்கூட இல்லை. கல்லூரி இருக்கும் ஊரில் வெளிநாட்டு மாணவர்கள் இருப்பார்கள், வாடகை வீடு இருக்கும், நம் முகத்தைப் பார்த்து யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்களுக்கு வரும் வேலை எந்த மாதிரிக் கவுண்டியில் என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் பாருங்கள்.

இன்டர்வியூவுக்கு வந்தபோதே வீடு பார்த்தோம். நகரத்துக்குள் அந்த நேரம் குழந்தைக்கு ஏற்ற வீடு எதுவும் காலியாக இல்லை. பத்து மைல் தள்ளி, ஒரு வயதான விவசாயியின் மூன்று படுக்கையறை வீடு 1,050 டாலர் வாடகைக்குக் கிடைத்தது. எடிசனில் இரண்டு படுக்கையறைக்கு 2,350 கொடுத்துக்கொண்டிருந்தோம். மாசம் 1,300 டாலர் மிச்சம் என்று கணவர் அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். இணையத்தில் இருக்கும் வாழ்க்கைச் செலவு கால்குலேட்டர்களும் அதே கணக்கைத்தான் காட்டின. அவற்றில் வராத செலவுகள் ஒவ்வொன்றாக வந்தன.

முதலாவது, வீட்டைச் சூடாக்கும் புரொப்பேன் வாயு. நகரத்துக்குள் குழாயில் எரிவாயு வந்துவிடும். வெளியே வந்தால் வீட்டுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பெரிய டாங்க் நிற்கும். எங்களுடையது 500 காலன். மேலே இருக்கும் மூடியைத் தூக்கினால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று ஒரு முள் காட்டும். வாயு விரிவதற்கு இடம் விட்டு 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். அதாவது 400 காலன். காலன் இரண்டு டாலர் என்று வைத்தால் ஒரே தடவையில் 800 டாலர், அதுவும் கையோடு கட்ட வேண்டும். டிசம்பரில் நிரப்பினால் பிப்ரவரிக்குள் மறுபடியும் லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கும். டாங்க் முழுசாகக் காலியாகிவிட்டால் கசிவு சோதனை செய்யாமல் மறுபடி நிரப்ப மாட்டார்கள். அதற்குத் தனிக் காசு. அதனால் முள் 30-க்கு வந்ததுமே போன் செய்துவிடுவோம். வீட்டு ஓனர் சாவி கொடுத்த அன்றைக்கே சொன்னது, கோடையிலேயே விலை பேசி முன்பதிவு செய்துவிடுங்கள் என்று. ஜூலை வெயிலில் ஹீட்டருக்குக் காசு கட்டுவது விசித்திரமாக இருந்தது. ஆனால் குளிர்கால விலையைப் பார்த்த பிறகு அவரை மனசாரக் கும்பிட்டேன்.

இன்னொன்றும் அவரிடமே கற்றுக்கொண்டேன். டாங்க் யாருடையது என்று முதலிலேயே கேட்க வேண்டும். கம்பெனிக்குச் சொந்தமான டாங்க் என்றால் அந்தக் கம்பெனி மட்டும்தான் அதை நிரப்ப முடியும். விலை கூடினாலும் வேறு ஆளிடம் போக முடியாது.

கழிவுநீருக்கு லகூன். இந்தப் பக்கத்து மண் இறுகிய களிமண், தண்ணீரை உறிஞ்சாது. அதனால் பல வீடுகளில் சாதாரண செப்டிக் டாங்குக்குப் பதிலாக வேலி போட்ட ஒரு சின்னக் குளம் இருக்கும். அதிலேதான் எல்லாம் போய்ச் சேரும். சரியாகப் பராமரித்தால் தொந்தரவில்லை. ஆனால் பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாசங்களில் சில நாள் ஜன்னலைத் திறக்க முடியாது. குழந்தை வைத்திருப்பவர்கள் அந்த வேலிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாடகை பேச வேண்டும். இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன்.

இன்டர்நெட் விஷயத்தில் ஒரு சாலையில் ஃபைபர் இருக்கும், அடுத்த சாலையில் ஒன்றுமே இருக்காது. விலாசத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) வரைபடத்திலேயே பார்க்கலாம். எங்கள் சாலையில் இல்லை. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டு வைத்தோம். நகரத்தில் கட்டுவதைவிட அதிகம்தான்.

காருக்கு வருவோம். இங்கே இரண்டு கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு அவர் ஒன்றை எடுத்துப் போய்விட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பத்து மைல் போக எனக்கு ஒன்று வேண்டும். உபர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அப்புறம், நியூ ஜெர்சியில் இல்லாத ஒன்று மிசௌரியில் உண்டு: காருக்கும் வருஷா வருஷம் சொத்து வரி. சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கை மதிப்பாக எடுத்து, அதன் மேல் உள்ளூர் வரி விகிதத்தைப் போடுவார்கள். பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. எங்கள் இரண்டு காருக்கும் சேர்த்து முதல் பில் 600 டாலருக்கு மேல் வந்தது.

இதில் வரிசை தெரிந்தால் அலைச்சல் இல்லை. மாநிலத்துக்குள் வந்து 30 நாளுக்குள் வண்டியின் டைட்டிலை (உரிமைப் பத்திரத்தை) மாற்ற வேண்டும். அதற்கு வரி கட்டிய ரசீது கேட்பார்கள். புதுசாக வந்தவர்களிடம் ரசீது எப்படி இருக்கும்? ஜனவரி 1 அன்று மிசௌரியில் வாகனம் எதுவும் வைத்திருக்கவில்லை என்று கவுண்டி அசெஸர் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடுபவர்) அலுவலகம் ஒரு சான்று கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டுதான் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போக வேண்டும். அடுத்த ஜனவரி 1 அன்று என்னென்ன வண்டி இருக்கிறது என்று மார்ச் 1-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். டிசம்பர் 31-க்குள் பணம் கட்ட வேண்டும். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நம்பர் பிளேட் புதுப்பிக்க அதுதான் ஆதாரம். இந்த வேலைக்காகப் போன கவுண்டி கோர்ட்ஹவுஸில் வரிசையே இல்லை. கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு, அடுத்து எந்தக் கட்டிடம், எந்தக் கதவு என்பதுவரை சொல்லி அனுப்பினார். எடிசனில் மோட்டார் வாகன அலுவலகத்தில் காத்துக் கிடந்த எனக்கு அது பெரிய நிம்மதி. சிறிய கவுண்டியில் இருப்பதன் லாபம் எதில் என்று கேட்டால் வாடகையைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காம்ப்ரிஹென்ஸிவ் கண்டிப்பாக இருக்கட்டும். நவம்பரில் மான்கள் சாலையைக் கடந்துகொண்டே இருக்கும், மான் மோதினால் அந்தப் பிரிவில்தான் பணம் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாங்கள் மெதுவாகத்தான் ஓட்டுகிறோம். ஒரு மான் கண்ணில் பட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும்.

குளிர்காலம்தான் பெரிய பரீட்சை. மிசௌரியில் கிராமத்துச் சாலைகளுக்கு எழுத்துகளே பெயர்: ரூட் பி, ரூட் எச் என்று. அவை மாநிலத்துச் சாலைகள். பனி விழுந்தால் சீக்கிரமோ தாமதமாகவோ வண்டி வந்து தள்ளிவிடும். அதிலிருந்து பிரியும் ஜல்லிச் சாலை கவுண்டியின் பொறுப்பு, அங்கே வண்டி வர நேரமாகும். எங்கள் வீடு ஜல்லிச் சாலையில் அரை மைல் உள்ளே. முதல் ஜனவரியில் பனிமழை கொட்டி மின்கம்பி அறுந்தது. டாங்க் நிறைய புரொப்பேன் இருந்தும் வீடு ஜில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. ஃபர்னஸில் வாயு எரியும், ஆனால் சூட்டைத் தள்ளும் ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும். நல்லவேளையாக பேஸ்மென்ட் சுவரில் கரண்ட் இல்லாமல் எரியும் ஒரு சின்ன புரொப்பேன் ஹீட்டரை ஓனர் மாட்டி வைத்திருந்தார். மெத்தையைக் கீழே இறக்கி, மூவரும் அங்கேயே படுத்தோம். கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தை பேட்டரியோடு பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். விடிந்ததும் ஓனர் டிராக்டரில் வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டு, காசு பேச்சை எடுக்கக்கூட விடாமல் போய்விட்டார்.

அந்த பேஸ்மென்ட் டொர்னாடோ என்ற சுழல் சூறாவளிக்கும் தேவை. 2009 மே 13 அன்று கர்க்ஸ்வில்லின் வடபகுதியை ஒரு சூறாவளி தாக்கி உயிர்ச்சேதம் ஆகியிருக்கிறது. வானிலை ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் சைரன் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வால்மார்ட்டில் பாஸ்மதி, கொத்தமல்லி, பச்சை மிளகாய் கிடைக்கும். இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய் எல்லாம் கொலம்பியாவில்தான். 63-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 90 மைல். மாசத்துக்கு ஒருமுறை போகும்போது சாந்தி மந்திர் கோயிலுக்கும் போய்விட்டு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எதுவும் இருந்தால் அதையும் சேர்த்து முடித்துக்கொண்டு வருவோம். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது, சிறப்பு டாக்டர்களும் அங்கேதான். மிசௌரியில் மளிகைக்கு மாநில விற்பனை வரி 1.225 சதவீதம்தான், மற்ற பொருளுக்கு 4.225, உள்ளூர் வரி தனி. ஆனால் போக வர 180 மைல் பெட்ரோலைச் சேர்த்தால் அந்த லாபம் எங்கே போனது என்று தெரியாது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் உண்மையான தட்டுப்பாடு. கட்டணம் எடிசனைவிட வெகுவாகக் குறைவு. இடம் கிடைக்க வேண்டுமே. ஒரு டேகேரில் உறுதி சொல்லிவிட்டு, நாங்கள் வந்து இறங்கிய வாரம் ஆள் இல்லை என்று கையை விரித்தார்கள். எனக்கு எச்-4, அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா; அவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகும்வரை வேலைக்குப் போக முடியாது என்பதால் சமாளித்தோம். இருவரும் வேலை பார்க்கும் குடும்பமாக இருந்தால் வீட்டுக்கு முன்னால் டேகேர் தேடுங்கள். பள்ளி வயதில் குழந்தை இருந்தால் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். மிசௌரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பள்ளி மாவட்டங்கள் வாரத்துக்கு நாலு நாள்தான் நடக்கின்றன. பெரும்பாலும் கிராமத்துப் பக்கம். ஆசிரியர்கள் கிடைக்காததுதான் முக்கியமான காரணம். அந்த ஐந்தாவது நாள் குழந்தையை எங்கே விடுவது என்பது உங்கள் செலவில் சேரும்.

வேலையும் இல்லாமல் பத்து மைல் தள்ளி இருந்த எனக்கு முதல் சில மாசம் பேச ஆளில்லாமல் கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. கவுண்டி நூலகத்தின் கதை நேரத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போக ஆரம்பித்த பிறகுதான் மாறியது. அங்கே பழகிய இரண்டு பேர்தான் இன்றைக்கும் எனக்கு அவசரத்துக்கு உதவுகிறவர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோது, சிகாகோவில் இறங்கி ஆம்ட்ராக் ரயிலில் வரச் சொன்னோம். சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் மதியம் சிகாகோவில் கிளம்பினால் ராத்திரி எட்டு மணி வாக்கில் லா பிளேட்டாவில் நிற்கும்; எங்களுக்கு அரை மணி தூரம்கூட இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ரயில்தான். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் கரண்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, "இதென்னம்மா, உறுப்பினர்னு போட்டிருக்கான்?" என்று கேட்டார். கிராமத்து மின்சாரம் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது, 1936-ல் ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டத்துக்குப் பிறகு விவசாயிகள் சேர்ந்து கம்பம் நட்டது, மிஞ்சும் பணத்தை உறுப்பினர் கணக்கில் வரவு வைப்பது எல்லாம் சொன்னேன். அன்று முழுக்க அவருக்கு அதே பேச்சுதான்.

கணக்குக்கு வருகிறேன். வாடகையில் மிச்சமானது மாசம் 1,300. புரொப்பேனை வருஷம் முழுக்கப் பரப்பினால் 170 வாக்கில். இரண்டாவது கார், அதன் இன்ஷூரன்ஸ், வரி, கூடுதல் பெட்ரோல் எல்லாம் 500-ஐத் தாண்டும். இன்டர்நெட், ஜெனரேட்டர், பனிக்காலத்து டயர் என்று இன்னும் கொஞ்சம். கையில் நின்றது 500 டாலர் அளவுதான். நகரத்துக்குள்ளேயே வீடு கிடைத்திருந்தால் இதைவிட நிறையவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கவுண்டிக்கு வாருங்கள், ஆனால் வாடகை நூறு இருநூறு கூடினாலும் கவுண்டித் தலைநகருக்குள் குடியிருங்கள்.

மூன்று வருஷம் முடியப்போகிறது. விரும்பினால் பெரிய ஊருக்குப் போகலாம். பேசிப் பார்த்தோம், இருப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். சுற்றியுள்ள கவுண்டிகளிலிருந்து வரும் வயதானவர்கள் இவரைத்தான் தங்கள் டாக்டர் என்கிறார்கள். மகளும் இங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டாள். விவசாயத் துறையின் முன்பணமில்லாத கிராமப்புற வீட்டுக் கடன் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான். அதனால் வங்கிக் கடனில், கர்க்ஸ்வில் நகரத்துக்குள்ளேயே, குழாய் எரிவாயுவும் சாக்கடை இணைப்பும் உள்ள ஒரு வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். பேஸ்மென்ட் இருப்பதால் ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) சோதனையும் கேட்டிருக்கிறோம். அளவு ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரிக்கு மேல் வந்தால் விற்பவரே குழாயும் ஃபேனும் போட்டுத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது.