எபிரேயத் தேர்வுத் தாளில் அரிய சொல் வந்தால்: ஆமோஸ் 7:14-ஐ வைத்து ஒரு வழி

இறையியல் படிப்பில் எபிரேயம் எடுத்தவர்களுக்குத் தீர்க்கதரிசன நூல்கள் வந்தாலே ஒரு கலக்கம் வரும். பழைய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்கள் ஆயிரத்துக்கும் மேல். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒரு சொல்லை எடுத்து முழுக்க விசாரித்துப் பழகினால் மற்றவற்றுக்கும் கை வந்துவிடும். எனக்கு அப்படிக் கை வந்தது ஆமோஸ் 7:14-ல்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, யூதாவுக்கு ஓடிப்போ என்று ஆமோஸை விரட்டுகிறான். நான் தீர்க்கதரிசி அல்ல, மந்தை மேய்க்கிறவன், ‘போலேஸ் ஷிக்மிம்’ என்கிறார் ஆமோஸ். ஷிக்மிம் என்பது காட்டத்தி. அதில் சிக்கல் இல்லை. போலேஸ்தான் வேறெங்கும் வராத சொல். நம் தமிழ் வேதாகமம் ‘காட்டத்திப்பழங்களைப் பொறுக்குகிறவன்’ என்கிறது.

முதலில் எபிரேய வேதாகமத்தின் ஸ்டுட்கார்ட் பதிப்பில் உள்ள ஓரக்குறிப்புகளைப் பார்க்கப் பழகுங்கள். மேலே புள்ளி வைத்த லாமெத் எழுத்து இருந்தால் ‘வேறெங்கும் இல்லை’ என்று மசோரெத்தியர் (எபிரேய மூலத்தைப் பேணிக் குறிப்பெழுதிய யூத அறிஞர்கள்) எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால் பல இடங்களில் அது அந்த வடிவத்தைப் பற்றி மட்டும்தான். வேர்ச்சொல் நூறு இடங்களில் வந்திருக்கலாம். லாமெத்தைப் பார்த்ததுமே ‘அரிய சொல்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் இலக்கணம். போலேஸ் என்பது ‘கால்’ (Qal) என்ற அடிப்படை வினைவடிவத்தின் வினையாலணையும் பெயர், ஆண்பால் ஒருமை. அதாவது ஒரு வேலையைத் தொழிலாகச் செய்கிறவன். என்ன வேலை? இங்கே பழைய மொழிபெயர்ப்புகளைக் கேட்க வேண்டும். கிரேக்க செப்துவஜிந்த் ‘க்னிசோன்’ என்கிறது: கீறுகிறவன். லத்தீன் வுல்கத்தா பறிக்கிற பக்கம் சாய்கிறது. அரபியிலும் எத்தியோப்பியாவின் கேயேஸ் மொழியிலும் ‘பலஸ்’ என்றால் அத்தி. உறவுமொழிச் சான்று துணைதானே தவிர, அது ஒன்றையே நம்பிப் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. இந்த இடத்தில் அது பழத்தைக் காட்டுகிறது, வேலையைக் காட்டவில்லை.

வேலையைக் காட்டுவது மரம்தான். காட்டத்திக் காயைக் கத்தியால் சிறிதாகக் கீறிவிட்டால் அந்தக் காயத்தில் எத்திலீன் வாயு சுரந்து, சில நாட்களிலேயே பழம் பருத்து இனிக்கும். இரும்பு நகங்களால் கீறினால் நான்காம் நாள் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். கீறல் விழுந்த காய்ந்த பழங்கள் எகிப்தியக் கல்லறைகளிலும் கிடைத்திருக்கின்றன. செப்துவஜிந்த் உருவானது எகிப்தில். இந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்களின் மொழிபெயர்ப்பாகவே நான் அதை வாசிக்கிறேன். கீழே கிடப்பதைப் பொறுக்குகிறவனை விட, காய் காயாகக் கீறிப் பழுக்க வைக்கிறவன் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. ஆமோஸின் ஊரான தெக்கோவா மலைப்பகுதி, காட்டத்தி வளர்வது தாழ்நிலத்தில் (1 இராஜாக்கள் 10:27). அப்படியானால் ஆமோஸ் ஊர் விட்டு ஊர் போய் இந்த வேலை பார்த்தாரா, அல்லது தாழ்நிலத்தில் தோப்பு வைத்திருந்தாரா? ஆமோஸ் 1:1-ல் மேய்ப்பருக்கு வரும் ‘நோக்கேத்’ என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். அது இன்னும் ஓர் இடத்தில்தான் வருகிறது: 2 இராஜாக்கள் 3:4-ல், லட்சம் ஆட்டுக்குட்டிகளைக் கப்பமாகக் கட்டிய மோவாப் ராஜா மேசாவுக்கு. ‘ஏழை மேய்ப்பன் ஆமோஸ்’ என்று பிரசங்கங்களில் கேட்டதை அப்படியே விடைத்தாளில் இறக்கும் முன் இதை எடைபோடுங்கள்.

விடையில் இந்தச் சான்றுகளை இதே வரிசையில் வைத்து, ‘அநேகமாகக் கீறுகிறவன்’ என்று உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அந்த ‘அநேகமாக’ முக்கியம். ஒரே இடத்தில் வரும் சொல்லுக்கு அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது. பொருளை மட்டும் ஒரு வரியில் எழுதினால் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதும் தெரியாது.

பயிற்சிக்கு அதே அதிகாரத்தின் ‘அனாக்’ என்ற சொல்லை எடுங்கள். 7:7-8-ல் நான்கு முறை வரும், வேறெங்கும் வராது. தமிழில் தூக்குநூல், அதாவது கொத்தனார் சுவரின் நேர் பார்க்கும் நூல்; ஆனால் எபிரேயத்தின் உறவுமொழியான பழைய அக்காத் மொழியில் ‘அனாக்கு’ என்றால் தகரம். சுவரும் தகரமும் ஒரே தரிசனத்தில் எப்படிச் சேரும் என்று மேலே சொன்ன வரிசையில் நீங்களே விசாரித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.