தொண்டையில் பட்டன் பேட்டரி: எடுக்கும்வரையும் எடுத்த பின்னும்

மொரிஷியஸில் இப்போது தீபாவளி வாசல்களில் அகல் விளக்கோடு குட்டி எல்.இ.டி. விளக்குகளும் எரிகின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது சிஆர்2032 என்ற, நாணயம் போன்ற பட்டன் பேட்டரி. 20 மி.மீ. விட்டம், 3 வோல்ட். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள இந்த அளவு போதும். கார் சாவியிலும் எடை பார்க்கும் மெஷினிலும் இதே வகைதான்.

பேட்டரி உடைந்து கசிவதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடி, எதிர்முனை (மைனஸ்) பக்கம் சதையை அரிக்கும் கடுமையான காரம் (ஆல்கலி) உண்டாகிறது. 15 நிமிடத்தில் புண் தொடங்கிவிடலாம். இரண்டு மணி நேரத்தில் ஆழமாக வெந்துவிடும். விளக்கை எரிய வைக்க முடியாத பழைய பேட்டரியும் உணவுக்குழாயைப் பொசுக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காத குழந்தைகள்தான் அதிகம் தாமதமாக வருகிறார்கள். எச்சில் வடிவது, சாப்பாட்டைத் தள்ளுவது, வாந்தி, இருமல் எல்லாம் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். வீட்டில் ஒரு பேட்டரி காணவில்லை என்றாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மீன் முள்ளுக்குச் செய்வதுபோல வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுக்காதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. ஒரு வயது நிறைந்து, விழுங்க முடிகிற குழந்தைக்கு, பேட்டரி போய் 12 மணி நேரத்துக்குள் என்றால், தேன் கொடுக்கலாம்: 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், ஆறு தடவை வரை. அது காரத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தேன் தேடி நேரம் போக்காமல் ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். வழியில் கொடுத்துக்கொண்டே போகலாம். பக்கத்து ஏரியா ஹெல்த் சென்டரில் நின்றுவிடாமல் போர்ட் லூயி, காந்தோஸ், பாம்ப்ளமூஸ், ஃப்ளாக், ரோஸ் பெல் போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கே போங்கள். வாசலிலேயே "பேட்டரி" என்று சொல்லுங்கள். "எதையோ முழுங்கிட்டான்" என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதே பேட்டரி போட்ட இன்னொரு விளக்கையும் கையோடு கொண்டுபோனால் அளவு உடனே தெரியும்.

எக்ஸ்ரேயில் நாணயத்துக்கு ஒரே வட்டம். பேட்டரிக்கு ஓரத்தில் உள்வட்டம் ஒன்று கூடத் தெரியும்; பக்கவாட்டுப் படத்தில் ஓரம் படிக்கட்டுபோல் தெரியும். வேறு தொந்தரவு இல்லாவிட்டால் நாணயம் ஒரு நாள் காத்திருக்கலாம், உணவுக்குழாயில் உள்ள பேட்டரி காத்திருக்கக் கூடாது. வயிறு காலியாகட்டும் என்று ஆறு மணி நேரம் தள்ளிப்போடுவதும் தவறு. முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் வைத்துப் பாதுகாத்த பிறகு, எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) வழியாக இடுக்கியாலோ வலையாலோ எடுக்கிறார்கள். எடுத்ததும் உணவுக்குழாயில் துளை இல்லை என்றால், 0.25 சதவீத கிருமி நீக்கிய அசிட்டிக் அமிலம் 50 முதல் 150 மில்லி விட்டுக் கழுவி எஞ்சிய காரத்தை அடக்குவதுண்டு. வீட்டில் வினிகர் கொடுக்கலாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பேட்டரியின் குறுகிய பக்கம் எங்கே பார்த்திருந்தது? அதுதான் எதிர்முனை, புண் அங்கேதான் ஆழம். முன்பக்கம் என்றால் மூச்சுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் ஆபத்து, பின்பக்கம் என்றால் முதுகெலும்புக்கு.

பேட்டரி வெளியே வந்ததும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் வெந்த சதை அதன்பிறகும் அரித்துக்கொண்டே போகலாம். நான்கு வாரம் வரைகூட ரத்தக்குழாய் வெடிக்கும் சாத்தியம் உண்டு; அதற்கு முன் பெரும்பாலும் கொஞ்சமாக ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ எச்சரிக்கும். ஒரு ஸ்பூன் ரத்தம்தானே என்று விடாமல் அப்போதே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பால் குடிக்கும்போதெல்லாம் இருமினால் மூச்சுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். குரல் கரகரத்தால் குரல் நாண் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

சில வாரம் கழித்துக் கட்டிச் சோறு இறங்காமல் கஞ்சி மட்டும் இறங்கினால், தழும்பு சுருங்கிக் குழாய் குறுகிவிட்டது. எண்டோஸ்கோபி வழியாக பலூன் விட்டுப் படிப்படியாக விரிப்பார்கள். ஒரே தடவையில் முழு அகலத்துக்குக் கொண்டுவந்தால் கிழிந்துவிடும் என்பதால் சில வார இடைவெளியில் பல தடவை வரச் சொல்வார்கள். பெரியவர்களின் உணவுக்குழாய்ச் சுருக்கத்துக்கும் இதே முறைதான். இடையில் குழந்தை நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாலும் குறித்துக் கொடுத்த தேதியைத் தவறவிட வேண்டாம்.