நுளம்பும் பருப்பும்: எங்கள் விலங்கியல் சேர்

சேர் கொழும்பில் காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் வட்சப் குழுவுக்கு வந்ததும், ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கிற வகுப்புத் தோழர்கள் ஆளுக்காள் எழுதியது ஒரே பாடத்தைப் பற்றித்தான். மலேரியா.

அன்று எழுப்பப்பட்டவன் நான். ஈரல், செங்குழியம், நுளம்பின் குடல், உமிழ்நீர்ச் சுரப்பி என்று மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கை வட்டத்தை ஓரிடமும் பிசகாமல் சொல்லி முடித்தேன். "சரி. 1934இலை மட்டும் ஏன் இவ்வளவு பேர் செத்தவை? சொல்லும்" என்றார். தெரியவில்லை. மணி அடிக்கும்வரை நிற்கவைத்தார். பின்வாங்கில் சிரிப்புக் கேட்டது. முழுப் பாடத்தையும் நின்றபடிதான் கேட்டேன். அதனால்தானோ என்னவோ ஒரு வரியும் மறக்கவில்லை.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பக்கத்தில் வழக்கமாக ஓடும் ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிட விரும்புவது அப்படி வெயில் படும் தெளிந்த நீரில்தான். அந்த ஊர்ச் சனங்களின் உடம்பு உலர்வலயத்தாரைப் போல அந்தக் காய்ச்சலுக்குப் பழகியதல்ல. வயிற்றிலும் சோறில்லை. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடும் உணவோடும் ஊர் ஊராகப் போனார்கள். பருப்புக் கொடுத்த என்.எம். பெரேராவுக்குச் சனங்கள் வைத்த பெயர் 'பருப்பு மாத்தயா', அதாவது பருப்பு ஐயா. 1935 டிசம்பரில் அவர்களிடமிருந்து லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது. அடுத்த வருடம் பெரேரா ருவன்வெல்லையில் வென்று அரசாங்க சபைக்குப் போனார்.

"மழை பொய்ச்சதிலை துவங்கி வாக்குப்பெட்டி மட்டும் ஒரே பாடம்" என்றார் சேர். "நடுவிலை உள்ளதுதான் சோதினைக்கு வரும்."

பிறகு ஒரு நாள் ஜாம் போத்தலோடு எங்களை வெள்ளவத்தைக் கால்வாய்க்கு இறக்கினார். போத்தலுக்குள் குடம்பிகள் தலைகீழாகச் சரிந்து தொங்கின. இது கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணீரில் பெருகுவது, யானைக்கால் நோயைப் பரப்புவது; அனோபிலிஸ் குடம்பி என்றால் நீர்மட்டத்தோடு படுத்திருக்கும் என்று காட்டினார். எந்தக் குடம்பி எங்கே வளரும் என்று தெரியாமல் எந்த அரசாங்கம் மருந்தடித்தாலும் காசு கால்வாயோடு போகும் என்றார். கரையில் நின்று பார்த்த சனங்களுக்கும் கூப்பிட்டுக் காட்டினார், சிங்களத்தில்.

கரும்பலகையில் அவர் பெரிதாக எழுதிய 17 என்ற எண்ணும் நினைவிருக்கிறது. டி.டி.ரி. என்ற பூச்சிமருந்து அடித்து மலேரியாவை ஒடுக்கிய பிறகு, 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர்கள் அவ்வளவுதான். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

83க்குப் பிறகு எங்கள் வகுப்பே சிதறியது. சேர் போகவில்லை. போர்க்காலத்தில் எத்தனையோ இடைஞ்சலுக்குள்ளும் வடக்கு கிழக்கில் மலேரியா வேலை நடந்ததை அவர் கடிதங்களில்தான் அறிந்தேன். 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது வாழ்த்துச் சொல்லக் கோல் எடுத்தேன். "இப்பதான் கவனமா இருக்கவேணும். 17ஐ மறந்திடாதையும்" என்றார்.

லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இத்தனை வருடமும் இரத்தம் பூசிய கண்ணாடித் தகடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தவன் நான். ஆபிரிக்காவிலிருந்து திரும்பியவர்களின் குருதியில் மலேரியாக் கிருமியின் அந்த மோதிர வடிவத்தைக் காணும்போதெல்லாம், இந்தக் கண் அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ இருந்திருக்க வேண்டியது என்று மனம் சொல்லும். சேர் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சேரின் பெயரில் கல்வெட்டு வேண்டாம். அந்தக் காசில் வருடத்துக்கு ஒரு பஸ் பிடித்து, ஏ.எல். உயிரியல் பிள்ளைகளைக் கேகாலைக்கு அனுப்புங்கள். ஆறு வற்றும் மாதமாகப் பார்த்து அனுப்புங்கள். கூட்டிப் போக ஓர் ஆசிரியரும் வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து அங்கே ஆசிரியராக நின்றவர் ஒருவருமில்லை.